வெயிலைப் பிடிக்கும் கரிப்பந்து

சிவப்புப் பனியன் ஒன்றை மாதக்கணக்கில் வெயிலில் காயப் போட்டுப் பாருங்கள். சிவப்பு மங்கிவிடும்.

"மட்டமான சாயம்" என்று கடைக்காரரைத் திட்டுவோம். அது பாதி நியாயம்தான். மறு பாதிக் குற்றவாளி வெயில்!

திருப்பூர் வட்டாரத்தில் சாயத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. சாயம் வெளுப்பதற்குக் காரணமான அதே சங்கதியிலிருந்து மின்சாரம் எடுக்க விஞ்ஞானிகள் வழி கண்டிருக்கிறார்கள்.

எப்படி? பார்ப்போம்.

சாயத்துக்குள் கரி அணுக்கள் கைகோத்து நிற்கின்றன. ஓரிடத்தில் ஒற்றைப் பிடி, அடுத்த இடத்தில் இரட்டைப் பிடி, மறுபடி ஒற்றைப் பிடி. இப்படி மாறி மாறிப் பிடித்திருப்பதால்தான் நிறமே வருகிறது.

அந்த வரிசையில் எலெக்ட்ரான்கள் உண்டு. இவை அணுவில் உள்ள மிகச் சிறிய மின் துகள்கள். வெயில் பட்டதும் எலெக்ட்ரான் ஒரு படி மேலே ஏறும். ஆனால் அங்கே நிற்காது. உடனே கீழே விழுந்துவிடும். வந்த வெயில் வெறும் சூடாகப் போய்விடும். சில சமயம் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்துகொண்டு அணுக்களின் பிடியை முறித்துவிடும். பிடி போனால் நிறமும் போயிற்று.

ஏறிய எலெக்ட்ரானை விழவிடாமல் பிடித்து வைத்தால்?

அமராவதி அணையைப் பாருங்கள்

உடுமலைக்குத் தெற்கே, அமராவதி நகரில் மலையடிவாரத்தில் அணை இருக்கிறது. 1957-ல் கட்டியது. மலையிலிருந்து வரும் தண்ணீரை அது நிறுத்தி வைக்கிறது. நிறுத்தி வைத்த தண்ணீரைச் சக்கரத்தின் வழியாக விட்டால் மின்சாரம் கிடைக்கிறது. அணை இல்லாவிட்டால் தண்ணீர் தன் போக்கில் ஓடிவிடும்.

எலெக்ட்ரானுக்கும் ஓர் அணை வேண்டும். அந்த அணை கரியிலேயே கிடைத்தது!

60 கரி அணுக்கள் கூடிக் கால்பந்து போல உருண்டிருக்கும் பொருள் அது. ஃபுல்லரீன் என்று பெயர். 1985-ல் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகிய மூவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். 1996-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எலெக்ட்ரான் என்றால் இந்தப் பந்துக்கு உயிர். வந்தால் விடாது.

1992-ல் கலிபோர்னியாவில் துருக்கி நாட்டு விஞ்ஞானி சாரிசிஃப்ட்சியும், ஹீகர், வுட்ல் முதலியோரும் ஒரு சோதனை செய்தார்கள். சாயத்தைப் போலவே ஒற்றைப் பிடி, இரட்டைப் பிடி கொண்ட நீண்ட பிளாஸ்டிக் சங்கிலி ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஒளி பட்டால் அது தானும் ஒளிரும். அதில் கரிப்பந்துத் தூளைக் கலந்தார்கள்.

ஒளிர்வு அணைந்துவிட்டது!

கீழே விழுந்து ஒளியாக வேண்டிய எலெக்ட்ரான், விழுவதற்குள் பந்துக்குத் தாவிவிட்டது. ஒரு விநாடியைக் கோடிப் பங்காக்குங்கள். அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி கோடிப் பங்காக்குங்கள். அத்தகைய பங்கில் நாலைந்து போதும், தாவல் முடிந்துவிடுகிறது. திரும்பி வரவோ அதைப் போலக் கோடி மடங்குக்கு மேல் நேரம் ஆகிறது. அந்த இடைவெளியில் எலெக்ட்ரானைக் கம்பி வழியாக இழுத்துக்கொள்ளலாம். அதுதான் மின்சாரம்.

ஆனால் பந்து மிக அருகில் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு தூரத்துக்குள்! சோற்றின் மேல் குழம்பை ஊற்றினால் மட்டும் போதாது, நன்றாகப் பிசைய வேண்டும். 1995-ல் அப்படிப் பிசைந்து பூசியபோதுதான் பலன் உயர்ந்தது. நம் பக்கத்தில் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு ஆராய்ச்சி மையத்திலும் பேராசிரியர் கே.எஸ். நாராயண் குழுவினர் இத்தகைய பூச்சுகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஏமாற வேண்டாம்

"மின்சாரம் தரும் பனியன் வந்துவிட்டது" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கரிப்பந்துப் பூச்சு 100 பங்கு வெயிலில் சுமார் 10 பங்கைத்தான் மின்சாரமாக்கியது, அதுவும் ஆய்வுக்கூடத்தில். பந்துக்குப் பதிலாக வேறு பொருள்களைக் கலந்து 19 பங்குக்கு மேலும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் வெயிலும் ஈரமும் காற்றும் சாயத்தைக் கெடுப்பது போலவே இந்தப் பூச்சையும் கெடுக்கின்றன. கம்பெனிக் கூரைக்கு இன்று ஏற்றது, 20 பங்குக்கு மேல் கொடுத்து 25 ஆண்டு உழைக்கும் சிலிக்கன் தகடுதான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. நொய்யல் கரைக்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இந்தப் பூச்சை எதில் கரைக்கிறார்கள்? பெரும்பாலும் குளோரோபென்சீன் போன்ற நச்சுத் திரவத்தில்! மிச்சத்தை எங்கே ஊற்றுவார்கள்? ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயநீரை விவசாயிகள் மறக்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை முதலாளிகளும் தொழிலாளிகளும் மறக்கவில்லை. மின்சாரத்துக்காக இன்னொரு நொய்யலைக் கெடுக்க நாம் சம்மதிக்கக் கூடாது.

நச்சில்லாத திரவத்திலும் தண்ணீரிலும் பூசும் வழியைப் பல நாடுகளில் தேடுகிறார்கள். அந்தத் தேடலுக்குச் சாயத்தின் குணம் அறிந்தவர்கள் தேவை. சாயம் எப்போது ஏறும், எப்போது திரியும், எதில் கரையும் என்பது நம் பட்டறைக்காரர்களுக்குக் கைவந்த பாடம். ஆனால் அவர்கள் பிள்ளைகளுக்கு, கைவேலைக்குள் இருக்கும் விஞ்ஞானத்தை யார் சொல்லித் தருகிறார்கள்?

கோவை, திருப்பூர்ப் பக்கத்து ஜவுளிக் கல்லூரிகள் சாயப் பாடத்தோடு இதையும் சேர்க்க வேண்டும். ஒளிரும் பிளாஸ்டிக் பூச்சு ஒன்று, கரிப்பந்து கலந்த பூச்சு ஒன்று. இரண்டின் மேலும் விளக்கைக் காட்டட்டும். ஒன்று ஒளிர்வதையும் மற்றது இருண்டு கிடப்பதையும் மாணவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும்.