எறும்பாய்வார்க்கு ஏற்ற நுண்ணோக்கி

நுண்ணோக்கி வாங்கப் புகுவோர் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்?" என்பதே. எறும்புகளை இனங்கண்டு மகிழ விரும்பும் மாணவனுக்கு இவ்வினா வழிகாட்டாது; பெற்றோர் ஈட்டிய பொருளையும் வீணாக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்துக் கூட்டு நுண்ணோக்கி 400 மடங்கு பெருக்கவல்லது. ஆயினும், கீழிருந்து வரும் ஒளி பொருளை ஊடுருவினால்தான் அது செவ்வனே காட்டும். வெங்காயத் தோலுக்கு அது தக்கது. எறும்பின் உடலோ ஒளி புகாதது. அங்கே கரிய நிழலே தோன்றும்.

இனங்காண வேண்டுவன யாவை? மார்புக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட இடுப்பிலே கணு ஒன்றா, இரண்டா என்பது முதற்குறிப்பு. மாவிலைகளைப் பிணைத்துக் கூடமைக்கும் முயிற்றுக்குக் கணு ஒன்று, நெருப்பெறும்புக்கு இரண்டு. அடுத்து, உணர்கொம்பின் கண்டங்களை எண்ணுதல் வேண்டும். முயிற்றின் வேலைக்கார எறும்புக்கு அவை 12, நெருப்பெறும்புக்கு 10. இவற்றைக் காண 10 முதல் 40 மடங்கு வரை பெருக்கம் போதும். எனவே, இரு கண்களாலும் நோக்கத்தக்கதும், மேலிருந்து ஒளி பெற்று மேடுபள்ளங்களை உள்ளவாறே காட்டுவதுமாகிய ஸ்டீரியோ நுண்ணோக்கியே ஏற்றது. அதன் வில்லைக்குக் கீழே பல செ.மீ. வெளி இருப்பதால், பார்த்துக்கொண்டே எறும்பை ஊசியால் திருப்பலாம். பளபளக்கும் உடலில் ஒளி கூசுமாயின், விளக்கின்முன் மெல்லிய வெள்ளைத்தாளை நிறுத்தினால் போதும். விளக்கின் தரத்தையும் தாங்கியின் உறுதியையும் நோக்காது, பெருக்க எண்ணை மட்டும் நோக்குவது பேதைமை.

அவ்வளவு பொருள் இல்லாதோர் 10 மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்றைக் கொள்ளலாம். முயிற்றின் கணு அதிலேயே புலப்படும். நெருப்பெறும்பின் உணர்கொம்பை எண்ணுதற்கே நுண்ணோக்கி வேண்டும்.