பிள்ளைத்தாச்சிகளும் சீஸும்: எங்கள் நிலைப்பாடு

வட்டகொடைத் தோட்டங்களில் தாய்மாருக்காக இயங்கும் எங்கள் மாதர் அமைப்பிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி: பிள்ளைத்தாச்சி சீஸ் சாப்பிடலாமா? கொழும்பில் வேலை செய்யும் தம்பி லீவுக்கு வரும்போது ஒரு பெட்டி வாங்கி வருகிறான். தலவாக்கலை டவுனில் சீஸ் கொத்து கிடைக்கிறது. கூடவே, "கர்ப்பிணிகள் சீஸைத் தொடவே கூடாது" என்ற வாட்ஸ்அப் செய்தியும் லயத்துக்கு லயம் சுற்றுகிறது.

சாப்பிடலாம் என்பதே எங்கள் பதில். பாஸ்டரைஸ் செய்த, அதாவது சூடாக்கிக் கிருமி கொன்ற, பாலில் தயாரித்து, குளிரில் வைத்து விற்கும் சீஸுக்கு, கீழே சொல்லும் இரண்டு வகை தவிர, பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது காய்ச்சாத பாலுக்கு.

வாட்ஸ்அப் செய்தியை முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. லிஸ்டீரியா என்ற கிருமி காய்ச்சாத பாலிலும் அதில் செய்த மென்மையான சீஸிலும் இருக்கக்கூடும். மற்றக் கிருமிகள் குளிர்பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கும்போது இது அங்கேயும் மெல்லப் பெருகும். மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளை இது ஏறத்தாழ பத்து மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. தாய்க்கு இலேசான காய்ச்சலும் உடம்பு வலியுமாகவே போய்விடலாம். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அப்படியில்லை. கரு கலையலாம், பிள்ளை இறந்து பிறக்கலாம், பிறந்த சில நாளில் கடும் நோய் வரலாம்.

1985 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இதுதான் நடந்தது. மெக்சிக்கோ முறையில் செய்த மென்மையான சீஸைச் சாப்பிட்டவர்களிடையே பரவிய நோயில் 142 பேர் பதிவானார்கள். அவர்களில் 93 பேர் கர்ப்பிணிகளோ அவர்களின் குழந்தைகளோதான். 48 உயிர்கள் போயின; அதில் 20 கருவிலிருந்தவை, 10 பிறந்த சிசுக்கள். பாதிக்கப்பட்ட தாய்மாரில் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்துப் பெண்கள். தங்கள் ஊர்ச் சாப்பாடு என்று நம்பி வாங்கியவர்கள். அந்தச் சீஸைச் செய்த தொழிற்சாலையில் பாலைச் சூடாக்கும் வசதி இல்லாமலில்லை. சூடாக்கிய பாலோடு சூடாக்காத பாலும் கலந்துபோனதாக விசாரணையில் தெரியவந்தது. 72 பாகை செல்சியசில் 15 வினாடி வைத்தால் சாகிற கிருமிதான் அது.

இனிக் கடைக்கு வருவோம். எங்கள் கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் முக்கோணத் துண்டுச் சீஸ், தகட்டுச் சீஸ், டப்பாச் சீஸ் எல்லாம் உருக்கிச் சூடாக்கிச் செய்பவை, சாப்பிடலாம். செடார் போன்ற கெட்டிச் சீஸும் சரி. பாஸ்டரைஸ் செய்த பாலில் செய்த கிரீம் சீஸ், மொசரெல்லா, பன்னீர் ஆகியவையும் சரி. வேண்டாதவை இரண்டு வகை: வெள்ளைப் பூஞ்சைத் தோல் போர்த்த பிரீ, கமெம்பேர் போன்ற மென்மையானவை, நீலப் பூஞ்சை ஓடிய மென்மையானவை. இவை நட்சத்திர ஹோட்டல் சங்கதி. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிக்குள் இருக்கலாம். ஆவி பறக்க உள்வரை வேகவைத்தால் தவிர இவற்றைத் தொட வேண்டாம். சீஸ் கொத்தைக் கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு சாப்பிடுங்கள். காலையில் கட்டிவந்ததை மாலையில் சாப்பிட வேண்டாம். உருக்கிய சீஸில் உப்பு அதிகம், பிரஷர் உள்ளவர்கள் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் குளிர்பெட்டியை நிறுத்தும் கடையில் எதையும் வாங்காதீர்கள். வீட்டில் குளிர்பெட்டி இல்லாதவர்கள் அன்றைக்குத் தின்று முடியும் அளவே வாங்குங்கள்.

ஆனால் எங்கள் பகுதியின் உண்மையான ஆபத்து சீஸ் பெட்டியில் இல்லை, லயத்துக்குப் பின்னாலுள்ள மாட்டுக்காலையில்தான் இருக்கிறது. விடியற்காலையில் கறந்த பாலைப் பால் வண்டிக்கு ஊற்றும் அவசரத்தில், "சூடாக இருக்கும்போதே ஒரு மடக்குக் குடி, பிள்ளைக்கு நல்லது" என்று பிள்ளைத்தாச்சிக்கு நீட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். மடிச் சூடு கிருமியைக் கொல்லாது. பொங்கி எழும்வரை காய்ச்சுங்கள். பச்சைப்பால் மொண்ட டம்ளரைக் கழுவாமல் காய்ச்சிய பாலுக்குள் விட்டால் காய்ச்சியும் பயனில்லை. நல்ல கவனமுள்ள வீடுகளிலும் இந்தத் தவறு நடக்கிறது. தயிரும் காய்ச்சிய பாலில் உறை ஊற்றியதாக இருக்கட்டும். சீம்பாலை நடுப்பகுதிவரை நன்றாக அவித்துச் சாப்பிடுங்கள். சீஸுக்கு ஆசைப்பட்டு வாங்க முடியாதவர்கள் கொதிக்கும் பாலில் தேசிக்காய் பிழிந்து, சுத்தமான துணியில் வடித்தால் பன்னீர் தயார். அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.

சீஸை மொத்தமாகத் தடுப்பதை நாங்கள் எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டப் பகுதியில் ஏறத்தாழ 32 சதவீதம். அந்தக் குறை தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. 20 கிராம் செடார் துண்டில் சுமார் 5 கிராம் புரதமும் 140 மில்லிகிராம் கல்சியமும் உண்டு. மாட்டை வளர்த்து, பாலை விற்றுவிட்டு, சாயத் தேத்தண்ணி குடிக்கும் பெண்ணிடம் "அதையும் தின்னாதே" என்று சொல்வது புத்திமதி ஆகாது. சீஸ் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. காய்ச்சிய பாலும் முட்டையும் நெத்தலியும் கிளினிக்கில் தரும் திரிபோஷவும் கல்சிய மாத்திரையும் அதைவிட முக்கியம். பாலில் ஒரு கிளாஸையாவது வீட்டுக்காரிக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விற்கும்படி ஆண்களைக் கேட்கிறோம்.

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தோட்டக் கடைகளின் குளிர்பெட்டிகளையும் தவறாமல் பார்க்க வேண்டும். டவுன் கடைகளோடு நின்றுவிடக் கூடாது. பாஸ்டரைஸ் செய்த பாலா என்பதைச் சீஸ் தயாரிப்பவர்கள் பொதியில் வாசிக்கக்கூடிய அளவு தமிழ் எழுத்தில் அச்சிட வேண்டும்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை: இந்தக் கிருமி சாப்பிட்ட சில நாளிலும் காட்டலாம், இரண்டு மாதம் கழித்தும் காட்டலாம். காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போய், கர்ப்பம் என்பதையும் பச்சைப்பாலோ சீஸோ சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது. கங்காணிமாரையும் தோட்ட நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறோம்: காய்ச்சலோடு இறங்கிப் போகும் பிள்ளைத்தாச்சிக்கு அன்று அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடாமல் முழுப்பேர் போட்டு அனுப்புங்கள்.