ஏ ஷிஃப்ட்டும் நைட் ஷிஃப்ட்டும் ஒரே கேமில்: தனி சர்வருக்கு எதில் செலவு செய்யலாம்?

வல்லக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் நாலு பேர் ஒரே அறையில் தங்கியிருந்தாலும், நாலு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது அபூர்வம். ஒருத்தருக்கு ஏ ஷிஃப்ட், இன்னொருத்தருக்கு நைட். இவர்கள் சேர்ந்து ‘வால்ஹைம்’ போன்ற சர்வைவல் கேம் ஆடினால் முதல் சிக்கலே இதுதான்: யாருடைய கணினியில் அந்த உலகம் இருக்கிறதோ, அவர் கேமை மூடிவிட்டுத் தூங்கப் போனால் மற்றவர்களும் வெளியே வரவேண்டியதுதான்.

ஆகவே 24 மணி நேரமும் ஓடும் தனி சர்வர் இவர்களுக்கு ஆடம்பரம் இல்லை. ஆனால், அதற்காகக் காசைக் கொட்ட வேண்டியதும் இல்லை. ஸ்வீடனின் அயர்ன் கேட் நிறுவனம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட வால்ஹைமில் ஓர் உலகத்தில் 10 பேர் வரை ஆடலாம். அதன் சர்வர் மென்பொருள் ஸ்டீமில் இலவசம். நல்ல நிலையில் உள்ள பழைய கணினியே போதும்.

ரேம் போட்டால் லேக் போகுமா?

எல்லா கேமிலும் போகாது. வால்ஹைமில் ஒரு பகுதிக்குள் முதலில் நுழைபவரின் கணினிதான் அங்கே உள்ள அரக்கர்களின் அசைவைக் கணக்கிடுகிறது. அவர் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால், சர்வரில் 32 ஜிபி ரேம் இருந்தும் பிரயோஜனமில்லை. நல்ல இணைப்பு உள்ளவரை முதலில் போகச் சொல்லுங்கள். காசு செலவில்லாத தீர்வு அது.

மைன்கிராஃப்ட் வேறு ரகம். அங்கே கணக்கெல்லாம் சர்வர் தலையில்தான். நொடிக்கு 20 சுற்று, ஒரு சுற்றுக்கு 50 மில்லி நொடி. அதைத் தாண்டினால் உலகமே மெதுவாகும். சிமுலேஷன் டிஸ்டன்ஸைக் குறைப்பதுதான் அங்கே முதல் வைத்தியம்.

போர்ட் திறந்தும் யாரும் வர முடியலையா?

ரவுட்டரில் 2456 முதல் போர்ட்களைத் திறந்துவிட்டு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. முதலில் ரவுட்டரின் வேன் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை உங்களோடு பலரும் பகிர்கிறார்கள் என்று அர்த்தம். போர்ட் திறப்பது அங்கே வேலைக்கு ஆகாது. வால்ஹைமில் ‘கிராஸ்ப்ளே’ வசதியோடு சர்வரை ஓட்டினால், ஒரு குறியீட்டைக் கொடுத்தே நண்பர்களைச் சேர்க்கலாம். பிங் கொஞ்சம் கூடலாம். மற்ற கேம்களுக்கு, கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்க வேண்டியிருக்கலாம்.

விளம்பரத்தில் எத்தனை எம்பிபிஎஸ் என்று பெரிய எழுத்தில் போடும் இணைய நிறுவனங்கள், பொது ஐபி உண்டா இல்லையா என்பதையும் அதே இடத்தில் சொல்ல வேண்டும். காசு கொடுப்பவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் இது.

கரன்ட் பில் கணக்கு

60 வாட் இழுக்கும் கணினி நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 86 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு தரும் இலவச யூனிட்டில் கணிசமான பகுதி இதற்கே போய்விடும். 15 வாட் மினி பிசி என்றால் 22 யூனிட்டோடு முடியும். கேட்கும்போது கேமிங் பிசி கெத்தாக இருக்கலாம். பில் வரும்போதுதான் மினி பிசியின் அருமை புரியும்.

மிச்சமாகும் காசை யுபிஎஸ் வாங்கப் போடுங்கள். வால்ஹைம் சர்வர் வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் உலகத்தைச் சேமிக்கும். 29-வது நிமிடத்தில் கரன்ட் போனால் அதுவரை கட்டியது அத்தனையும் போச்சு. சேமிக்கும் இடைவெளியை 600 நொடியாகக் குறைத்துவிடலாம்.

உலகம் யாருடையது?

சர்வர் தானாகவே 4 பழைய பிரதிகளை வைத்திருக்கும்தான். ஆனால், எல்லாம் அதே டிஸ்க்கில் இருந்தால் டிஸ்க் போகும்போது அவையும் சேர்ந்தே போகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இந்தப் பகுதியில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்புவது சகஜம். கணினி வைத்திருப்பவர் கிளம்பினால், ஆறு மாதமாக எல்லோரும் சேர்ந்து கட்டிய கோட்டையும் அவரோடு பஸ் ஏறிவிடும். உலகம் என்பது உண்மையில் டிபி, எஃப்டபிள்யூஎல் என்ற இரண்டே ஃபைல்கள். வாரம் ஒருமுறை அவற்றை நகலெடுத்து, குறைந்தது இரண்டு பேர் கையில் வைத்திருங்கள். சர்வர் ஒருத்தர் பெயரில் இருக்கட்டும். உலகம் எல்லோர் கையிலும் இருக்கட்டும்.