நாள் வாடகைக்கு எத்தனை மணி நேரம்?

ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஓட்டல்காரர்களுக்கு மட்டும் அந்தப் பாடம் நடக்கவில்லை போலிருக்கிறது. மத்தியானம் 2 மணிக்கு உள்ளே வரணும், காலை 11 மணிக்கு வெளியே போகணும், வாடகை மட்டும் ஒரு நாளைக்கு. கூட்டிப் பார்த்தால் 21 மணி நேரம்தான் வருகிறது. கடைக்காரர் கிலோவுக்குக் காசு வாங்கிக்கொண்டு 875 கிராம் நிறுத்துப் போட்டால் சும்மா விடுவோமா? இங்கே மட்டும் சாவியை வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்" சொல்லிவிட்டு மாடியேறுகிறோம்.

இந்தக் கோபம் திடீரென்று வந்ததல்ல. பிப்ரவரி கடைசியில் நானும் வீட்டுக்காரியும் டெல்லி போவதாக இருக்கிறோம். குளிர் குறைந்து, வெயில் ஏறாமல் இருக்கும் நாட்கள். நட்சத்திர ஓட்டலெல்லாம் வேண்டாம். சுத்தமான படுக்கை, வெந்நீர், லிஃப்ட், நாளொன்றுக்கு 1,500 ரூபாய்க்குள் ஒரு அறை. பஹார்கஞ்சிலும் கரோல் பாகிலும் இப்படிப்பட்ட ஓட்டல்கள் சந்துக்குச் சந்து இருக்கின்றன. இடத்துக்குப் பஞ்சமில்லை. கடிகாரம்தான் பிரச்சினை.

சென்னையில் ராத்திரி 10 மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால், இரண்டு ராத்திரியும் நடுவில் ஒரு பகலும் கழித்து, மூன்றாம் நாள் காலையில் புது டெல்லி ஸ்டேஷனில் இறக்கிவிடும். திரும்பும் வண்டி அங்கே ராத்திரி 9 மணிக்கு மேல். அதாவது நம்மூர்க்காரன் தலைநகரத்துக்குப் போவது காலையில், கிளம்புவது ராத்திரியில். பல வருஷமாக இப்படித்தான். இது ஓட்டல்காரர்களுக்கும் தெரியும். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே கடை போட்டிருப்பவருக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று தெரியாதா?

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். முதல் நாள் காலை 7 மணிக்கு இறங்கி, நாலாம் நாள் ராத்திரி 9 மணிக்குக் கிளம்பினால் ஊரில் இருப்பது 86 மணி நேரம். மூன்று நாள் வாடகை கட்டினால் அறை கைவசம் இருப்பது 69 மணி நேரம். மீதி 17 மணி நேரம் நாம் நடுத்தெருவில். வந்த அன்று 7 மணி நேரம், கிளம்புகிற அன்று 10 மணி நேரம். முழுக்க அறை வேண்டுமென்றால், முந்தின நாள் ராத்திரியிலிருந்தே, அதாவது நாம் ரயிலில் படுத்திருக்கும் ராத்திரிக்கும் சேர்த்து, வாடகை கட்ட வேண்டும். கடைசி ராத்திரிக்கும் கட்ட வேண்டும். அன்றைக்கும் படுப்பது ரயிலில்தான். ஆக ஐந்து நாள் வாடகை, 7,500 ரூபாய். 24 மணி நேரக் கணக்கென்றால் இதே 86 மணி நேரத்துக்கு நாலு நாள் வாடகை போதும், 6,000 ரூபாய். இதற்கு மேல் வரி. ஆயிரத்துக்குக் கீழான அறைக்கு முன்பெல்லாம் ஜிஎஸ்டி கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அதற்கும் போட்டார்கள். 12 சதவீதமாக இருந்ததை 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைத்ததற்கு நன்றி சொல்லலாம். ஆனால் படுக்காத ராத்திரிக்கு வாடகையும் கொடுத்து அதற்கு வரியும் கொடுப்பதை என்னவென்று சொல்வது?

பெங்களூரில் இருக்கும் மகன் இதைக் கேட்டுச் சிரித்தான். "அப்பா, லக்கேஜை ரிசப்ஷன்ல போட்டுட்டு ஊர் சுத்தக் கிளம்புங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றான். அவனுக்கு வயது 38. அவன் பண்ணலாம். எழுபதைத் தாண்டியவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்பதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன். நம்மில் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விடுவதுதான்.

33 மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்தவனுக்குக் கால் வீங்கியிருக்கும். வண்டியிலிருக்கும் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துக் குடித்திருப்பான். புராஸ்டேட் உள்ளவனுக்கு மணிக்கொரு தரம் போக வேண்டும். சர்க்கரைக்காரருக்கு மாத்திரை, ஊசி, பிறகு நேரத்துக்குச் சாப்பாடு. வீட்டுக்காரிக்கு இரண்டு நாள் புடவையை மாற்றிக் குளிக்காமல் பச்சைத்தண்ணீர் இறங்காது. இத்தனைக்கும் தேவை நாலு சுவரும் ஒரு தாழ்ப்பாளும். அதைக் கொடுக்காமல் "ரிசப்ஷன்ல உட்காருங்க" என்கிறார்கள். அந்த ரிசப்ஷன் என்பது பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே ஒரு சோபா, மேலே சத்தமாக ஒரு டிவி. போன தடவை ஒரு ஓட்டலில் அந்த சோபாவில் எங்களைக் காலை ஏழரையிலிருந்து பகல் ஒன்றரை வரை உட்கார வைத்தார்கள். சாவிப் பலகையில் வரிசையாகச் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. நான் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அறை காலியில்லை என்பதல்ல அங்கே விஷயம். மணி ஆகவில்லை, அவ்வளவுதான். இப்போதே வேண்டுமென்றால் 800 ரூபாய் கூடுதல் என்றான் அந்தப் பையன், "அங்கிள்ஜி" என்று மரியாதையாகவே. காலியாகத் தொங்கும் சாவியை 800 ரூபாய்க்கு விற்பதற்குச் "சுத்தம் செய்ய நேரம் வேண்டும்" என்று பெயர் வைத்தால் எப்படி?

சுத்தம் செய்ய நேரம் வேண்டும்தான், மறுக்கவில்லை. விரிப்பு மாற்றி, பாத்ரூம் கழுவி, பெருக்கித் துடைக்க ஓர் ஆளுக்கு அரைமணி, முக்கால் மணி ஆகும். ஆனால் எல்லாரும் 11 மணிக்கே காலி செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நாற்பது அறையும் ஒரே நேரத்தில் அழுக்காகத்தான் கிடக்கும். ஆளுக்கொரு நேரம் வந்து ஆளுக்கொரு நேரம் போனால் வேலை நாள் முழுக்கப் பரவிவிடும். இது நான் கண்டுபிடித்த தத்துவமில்லை. திருச்சியிலும் மதுரையிலும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் லாட்ஜ்கள் எத்தனையோ காலமாக இப்படித்தான் நடந்தன. லெட்ஜரில் பெயர், ஊர், வந்த காரியம், வந்த நேரம். விடியற்காலை 4.40க்கு வந்தால் 4.40 என்றே எழுதுவார் மேனேஜர். மறுநாள் 4.40 வரை அறை உங்களுடையது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் காதில் பென்சில் செருகிய மனிதர் சமாளித்ததை, இன்றைக்கு உள்ளங்கையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களால் முடியவில்லையாம்.

இப்போது அந்த லாட்ஜ்களிலும் "செக்-அவுட் 12 மணி" போர்டு மாட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். ஆன்லைன் கம்பெனிகளோடு சேர்ந்த பிறகு வந்த பழக்கம் இது. விமானத்தில் வந்து போகிற கூட்டத்துக்கும் பெரிய ஓட்டலுக்கும் பொருந்துகிற கடிகாரத்தை, ரயிலில் வந்து போகிறவன் தங்குகிற இடத்தில் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை, டெல்லி வழிப்போக்கர்களுக்குப் புதிய ஊரே அல்ல. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகரை மாற்றியதற்கும் முன்னால், ஷாஜகான் கோட்டை கட்டியதற்கும் முன்னால், அது பயணிகளுக்கு இடம் கொடுத்த ஊர். யூசுப் சராய், காலு சராய், பேர் சராய், சராய் காலே கான், சராய் ரோஹில்லா என்று பேட்டைப் பெயர்களையே பாருங்கள். சராய் என்றால் நம்மூர்ச் சத்திரம். ஷாஜகானின் மகள் ஜஹானாரா சாந்தினி சௌக்கில் பெரிய சராய் ஒன்று கட்டினாள். 1857 கலகத்துக்குப் பிறகு அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளைக்காரர்கள் டவுன் ஹால் கட்டினார்கள். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இன்றைக்கும் டெல்லியில் மணி பார்க்காத இடம் ஒன்று உண்டு. பங்களா சாஹிப் குருத்வாரா. ராப்பகலாகத் திறந்திருக்கும். தலையை மூடிக்கொண்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே போனால் யார் நீ என்று கேட்க மாட்டார்கள், உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். காசு வாங்காதவர்களால் முடிகிறது என்பதைக் காசு வாங்குகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

அரசாங்கமும் மணிக்கணக்கில் அறை கொடுக்கத்தான் செய்கிறது. பெரிய ஸ்டேஷன்களில் ரிடையரிங் ரூம் இருக்கிறது (பெயரே நமக்காக வைத்தது போல!). உறுதியான டிக்கெட்டோ ஆர்ஏசியோ இருந்தால், பிஎன்ஆர் நம்பரை வைத்து முன்கூட்டியே பதிவு செய்யலாம், அதிகபட்சம் 48 மணி நேரம். அறைகள் குறைவு, கிடைப்பது லாட்டரிதான். ஆனால் கிடைத்தால் வந்த அன்று குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு மத்தியானம் ஓட்டலுக்கு நடக்கலாம். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் குறைத்துக் கொடுத்துவந்தது. அதைத் திருப்பித் தர மனமில்லையென்றால், ரிடையரிங் ரூமில் பாதியை அறுபது தாண்டியவர்களுக்கு என்று ஒதுக்கட்டும். காசு கொடுத்தே தங்கிக்கொள்கிறோம்.

டெல்லி போகிறவர்களுக்கு வேறு இரண்டு விஷயமும் சொல்லியாக வேண்டும். ஒன்று, "ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம்" என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். எந்த ஸ்டேஷன்? தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது டெல்லிக்குப் போகிறது. கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸும் மதுரையிலிருந்து வரும் சம்பர்க் கிராந்தியும் ஹஸ்ரத் நிஜாமுதீனில் நின்றுவிடும். புது டெல்லி ஸ்டேஷனுக்கே இரண்டு பக்கம் உண்டு. ஒன்றாம் பிளாட்பாரத்துப் பக்கம் பஹார்கஞ்ச், பதினாறாம் பிளாட்பாரத்துப் பக்கம் அஜ்மேரி கேட். தப்பான பக்கம் இறங்கினால் பெட்டியோடு மேம்பாலம் ஏறி எல்லாப் பிளாட்பாரத்தையும் தாண்ட வேண்டும். முட்டிவலிக்காரருக்கு ஐந்து நிமிடம் அரைமணியாகும்.

இன்னொன்று பணத்தைப் பற்றியது அல்ல. ஜன்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த விலையில் ஜன்னலே இல்லாத அறைகளும் உண்டு. சில இடங்களில் திரைச்சீலை அழகாகத் தொங்கும், விலக்கினால் பின்னால் சுவர்தான். 2019 பிப்ரவரியில் கரோல் பாகில் ஒரு ஓட்டலில் விடியற்காலை தீப்பிடித்து 17 பேர் செத்துப்போனார்கள். அறையில் ஜன்னல் திறக்கிறதா, இரண்டாவது மாடிப்படி எங்கே, அதன் கதவு பூட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் ஆன்லைன் படத்தில் யாரும் போடுவதில்லை. படுக்கையில் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள்.

இந்தத் தடவை ஆன்லைனில் காசைக் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஓட்டலாக போன் பண்ண ஆரம்பித்தேன். ஓட்டை இந்திதான், ஆனால் கேள்வி ஒன்றுதான். காலை 7 மணிக்கு வருகிறோம், கிழவனும் கிழவியும், அறை கிடைக்குமா? ஆறு பேர் "12 மணிக்குத்தான்" என்றார்கள். ஒருவர் "வாங்க, பார்க்கலாம்" என்றார். அதற்கு அர்த்தம் நமக்குத் தெரியும். பனிமூட்டத்தில் உங்கள் வண்டி எப்படியும் மத்தியானம்தான் வரும் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். ஜனவரியாக இருந்தால் அவர் சொன்னது சரிதான்!

ஒன்பதாவதாகப் பேசிய இடம் பஹார்கஞ்சில் ராமகிருஷ்ணா ஆசிரமம் மெட்ரோ பக்கம். போனை எடுத்தவர் கொஞ்சம் வயதானவர் போல் தெரிந்தது. நான் பேசி முடிப்பதற்குள், "எந்த வண்டி, தமிழ்நாடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஏழுக்கு வந்தா ஏழுக்கு அறை. நாலாம் நாள் காலை ஏழு வரைக்கும் மூணு வாடகை. ராத்திரி வண்டின்னா அன்னைக்கு மட்டும் அரை வாடகை." நாளைக்கு 1,400 ரூபாய். ஜன்னல் தெருப்பக்கம், சத்தம் இருக்கும் என்று அவராகவே சொன்னார். இத்தனையையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். தேதியும் நேரமும் போட்டு, கடைசியில் "பெட்டி தூக்கப் பையன் இல்லை, சின்னப் பெட்டியாகக் கொண்டு வரவும்" என்று ஒரு வரி.

செங்கோட்டை திங்கட்கிழமை விடுமுறை. ஆகவே செவ்வாய்க்கிழமை காலை போய் இறங்குகிற மாதிரி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வண்டிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். கீழ் பெர்த் இரண்டும் கிடைத்துவிட்டது.