குறை கேட்க ஆளில்லாத தொழிற்கூடங்கள்

மறுக்கப்பட்ட விடுப்பு, கணக்கில் வராத ஓவர்டைம், திடீர் ஷிப்ட் மாற்றம், மேற்பார்வையாளரின் வசைச்சொல்: தொழிற்கூடப் பூசல்களில் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. அன்றே கேட்டு முடித்திருக்க வேண்டிய குறைகள் கேட்பாரற்றுக் கிடந்து, பணியிடை நீக்கமாகவும் வேலைநிறுத்தமாகவும் கதவடைப்பாகவும் முற்றுகின்றன. சட்டம் கட்டாயமாக்கிய முதல் படி பல இடங்களில் இல்லை. அபாயம் அங்கிருந்தே தொடங்குகிறது.

20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் தொழில் நிறுவனங்களில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தமே இதை விதித்துவிட்டது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அதை வலியுறுத்துகிறது. குழுவில் இரு தரப்புக்கும் சம இடம். மொத்த உறுப்பினர் 10 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தலைமை ஆண்டுதோறும் மாறி மாறி வரும். பெண் தொழிலாளர்களின் விகிதத்துக்குக் குறையாமல் குழுவிலும் பெண்கள் இருக்க வேண்டும். 30 நாளில் விசாரணை முடிய வேண்டும். முடிவை ஏற்க இயலாதவர் 60 நாளுக்குள் தொழிற்சங்கம் வழியாகச் சமரச அலுவலரை அணுகலாம்.

குழுவே இல்லாத இடத்தில் அந்த 30 நாள் எப்போது தொடங்கும்? பெயரளவில் குழு உள்ள இடங்களிலும் உறுப்பினர் யார் என்பது தொழிலாளருக்குத் தெரிவதில்லை. நிர்வாகம் கைகாட்டியவரே தொழிலாளர் பிரதிநிதி. எவர்மீது புகாரோ அவரிடமே மனுவும் போகிறது. அங்கே வாய் திறப்பவர் யார்?

வேலைநிறுத்தத்துக்கான வழியும் புதிய தொகுப்பால் இப்போது குறுகியிருக்கிறது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த 14 நாள் முன்னறிவிப்பு, இன்று எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் பொருந்தும். பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. வெளிவழியை இறுக்கிய அரசு, உள்வழி திறந்திருப்பதை உறுதி செய்தாக வேண்டும்.

மேற்பார்வையாளர்களின் நிலையும் கவலைக்குரியது. மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர் இத்தொகுப்பின் கண்ணில் தொழிலாளர் அல்லர். மேலிடத்தின் நெருக்கடியும் கீழுள்ளோரின் கோபமும் அவர்மீதே விழுகின்றன. அவர் முறையிடக் குழு இல்லை. அந்த இறுக்கம் மறுநாள் பணித்தளத்தில் வசையாக இறங்குகிறது.

குழு அமைப்பது நிர்வாகத்தின் கடமை. அமைந்ததா என்று பார்ப்பது தொழிலாளர் துறை ஆய்வு அலுவலர்களின் கடமை. பெயர்ப்பட்டியல் மட்டும் போதாது. வந்த மனுக்கள், எடுத்த முடிவுகள், ஆன நாள்கள் ஆகியவை பதிவேட்டில் இருக்கின்றனவா என்று அவர்கள் கேட்க வேண்டும். மாநில அரசு இவ்விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தங்கள் பணியிடத்தில் குழு இருக்கிறதா, உறுப்பினர் யார் என்று தொழிலாளர்களும் நிர்வாகத்திடம் இப்போதே எழுத்துமூலம் கேட்க வேண்டும்.