எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

காஞ்சீபுரத்தை அடுத்தது ஏனாத்தூர். அங்கு 1993-ம் ஆண்டு முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. அதன் வாசலுக்குப் போகும் பாதை எங்கே தொடங்குகிறது தெரியுமா? ஆறாம் வகுப்பில்!

ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் படிக்கக் கற்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல், படித்துத்தான் மற்றதைக் கற்க வேண்டும். வாசிப்பில் தடுமாறினால் சரித்திரம், விஞ்ஞானம் எல்லாமே தடுமாறும்.

கோர்வைப் பட்டுச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். முன்பெல்லாம் பக்கத்துணைக்கு உட்கார்ந்தவர்களில் சிறுவர்-சிறுமிகள் பலர். 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை இடம் தந்தது. இடம் கிடைத்தால் போதுமா? எழுத்தும் வர வேண்டாமா?

தறி சொல்லும் பாடம்

தறிக்குப் புதிதாக வருபவனிடம் முதல் நாளே கோர்வைச் சேலையைக் கொடுப்பார்களா? மாட்டார்கள். முதலில் தார் சுற்றச் சொல்வார்கள். புத்தகமும் அப்படித்தான். வகுப்பைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது. பிள்ளையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

2023-ல் தமிழக அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கம் இதைத்தான் செய்தது. சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தது. நல்ல வழி!

"எட்டாம் வகுப்புப் பையனுக்குப் பாப்பா புத்தகமா? மற்றவர்கள் சிரிக்க மாட்டார்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே சொல் எளிதாக இருக்கட்டும். விஷயம் அவன் வயதுக்கு ஏற்றதாக இருக்கட்டும்.

எழுத்துப் பயிற்சி என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதுவது அல்ல. அப்பா பாவு பூட்டியதை எழுதட்டும். வரதர் கோவில் கருட சேவையில் கண்டதை எழுதட்டும். தெரிந்ததை எழுதினால் கை தயங்காது.

பெற்றோர்களே!

புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். தடுக்கும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கினால் இன்னும் எளிய புத்தகம் தேடுங்கள். ஒரு விரலும் மடங்கவில்லையா? அடுத்த படிக்கு ஏற்றுங்கள்.

"எனக்கு எழுத்துத் தெரியாதே" என்று தயங்க வேண்டாம். பிள்ளை திக்கினால் உங்கள் காதுக்குத் தெரியாதா? தினமும் பத்து நிமிடம் கேளுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஆசையோடு விசாரியுங்கள்.

இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போடுகிறோம். பிள்ளையின் படிப்பில் இழை அறுந்தால் மட்டும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விடலாமா?