பஞ்சாங்கம் பார்த்துப் பசிக்குமா?

குழந்தைக்கு ஆறு திங்கள் நிறைந்துவிட்டது. தலை நிற்கிறது. முதுகுக்கு அணை கொடுத்தால் உட்காருகிறது. தந்தை உண்ணும் தட்டை நோக்கித் தாவுகிறது; தாயின் கையிலுள்ள கவளத்தைக் கண்ணால் தொடர்ந்து, வாயைத் திறந்து காட்டுகிறது. பசி பேசுகிறது, தோழர்களே! பால் மட்டும் இனிப் போதாது என்று, தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் அந்தப் பச்சிளம் உடல் விண்ணப்பம் போடுகிறது. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்ட பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? அடுப்படிக்குப் போகிறார்களா? இல்லை, பஞ்சாங்கத்தை எடுத்துவரச் சொல்கிறார்கள்!

மார்கழி ஆகாதாம். தை பிறந்தால் ஏழாம் மாதம். ஆண்பிள்ளைக்கு ஒற்றைப்படை ஒவ்வாதாம். மாசியில் பங்காளி வீட்டுத் தீட்டாம். பங்குனி மறுபடியும் ஒற்றைப்படை. சித்திரையில்தான் நாளும் கோளும் கூடிவருகின்றனவாம். குருவாயூருக்கு இரயிலில் இடமும் அப்போதுதான் கிடைக்கிறதாம்! அதற்குள் குழந்தைக்குப் பத்தாம் மாதம் நடக்கிறது. வெள்ளிக் கிண்ணம் வாங்கியாயிற்று, பட்டுச் சொக்காய் தைத்தாயிற்று, அழைப்பிதழ் அச்சடித்தாயிற்று. சோறுதான் இன்னும் வந்து சேரவில்லை. மிகைப்படுத்துகிறோம் என்று எண்ண வேண்டா. மூன்று மாதம், நான்கு மாதம் இப்படித் தள்ளிப்போட்ட வீடுகளை நாம் அறிவோம். படித்தவர் வீடுகள், பட்டயங்கள் சுவரில் தொங்கும் வீடுகள்!

பெண் மகவுக்கு ஐந்து, ஏழு என ஒற்றைப்படை மாதம். ஆண் மகவுக்கு ஆறு, எட்டு என இரட்டைப்படை மாதம் என்பது சோதிடர் வகுத்த வாய்ப்பாடு. குடலுக்கு ஆண் பெண் தெரியுமோ? இரைப்பை எண்ணிப் பார்த்துத்தான் செரிக்குமோ? ஐந்தாம் மாதமே நாள் குறித்துவிட்டால், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் இயல்புகூட இன்னும் மாறாத பெண்குழந்தைக்குச் சோறு திணிக்கப்படுகிறது. வயிற்றுப்போக்குக்கு வாசல் திறக்கப்படுகிறது. ஆறாம் மாதம் தவறி எட்டுக்குப் போனால், ஆண்குழந்தை அரை வயிற்றோடு காத்துக் கிடக்கிறது. மூடத்தனம் ஒன்று, அதன் கொடுமையோ இருமுனைக் கத்தி.

இரண்டு மாதத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பர். சொல்கிறோம். கருவில் இருக்கும்போதே தாயின் குருதியிலிருந்து இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டுதான் குழந்தை பிறக்கிறது. நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதத்துக்குக் காணும். எடை குறைந்து பிறந்ததற்கு அதற்கு முன்பே தீர்ந்துபோகும். தாய்ப்பாலைப் போல் உயர்ந்த உணவு உலகில் இல்லை. ஆயினும் ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. அந்தச் சிறிதளவு நன்றாகவே உடலில் சேரும் என்றாலும், வளரும் மூளையும் பெருகும் குருதியும் கேட்கும் அளவுக்கு அது எட்டாது. ஆறாம் மாதத்துக்குப் பிறகு வேண்டிய இரும்பில் பெரும்பங்கு உணவுக் கிண்ணத்திலிருந்துதான் வரவேண்டும். கிண்ணம் வராவிட்டால்? குருதி வெளுக்கிறது. மூளை மிக விரைந்து வளரும் இரண்டாண்டுக் காலம் அது; அப்போது இழந்ததைப் பின்னாளில் எத்தனை டானிக் வாங்கி ஊற்றினாலும் முழுதும் மீட்பது அரிது. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது: இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்குக் குருதிச்சோகை! வகுப்பறையில் இரண்டாம் பாடவேளையிலேயே கண் செருகும் பிள்ளையை நோக்கி, "கவனம் எங்கே?" என்று அதட்டும் தொழிலில் இருக்கிறோம் நாம். கவனம் எங்கே போயிற்று என்று அந்தப் பிள்ளையையா கேட்பது?

"ஆறாம் மாதத்தில் அன்னப்பிராசனம் என்று மனுவே விதித்திருக்கிறார், இன்றைய மருத்துவர் சொல்வதை எங்கள் சாத்திரம் அன்றே கண்டது பாரீர்!" என்று மார்தட்டும் கூட்டமும் உண்டு. ஆம், மனுநூலின் இரண்டாம் இயலில் ஆறாம் மாதம் என்றுதான் இருக்கிறது. அதை அடுத்தே, குல வழக்கப்படியும் செய்துகொள்ளலாம் என்ற சலுகையும் இருக்கிறது. நல்லது, ஆறு என்று கண்ட பெருமக்களின் வழிவந்தோர் பத்தாம் மாதம் வரை ஏன் காத்திருக்கிறீர்?

அதோடு விடவில்லை நாம். அவர்கள் காட்டும் ஏட்டையே இன்னும் சற்றுப் புரட்டினோம். ஆசுவலாயன கிருகிய சூத்திரம் இந்த முதல் ஊட்டுக்கு என்ன பண்டம் சொல்கிறது தெரியுமா? குழந்தைக்கு ஊட்டம் வேண்டுவோர் ஆட்டிறைச்சி ஊட்டலாமாம். வேதப்பொலிவு வேண்டுவோர் கவுதாரி இறைச்சி ஊட்டலாமாம். நெய்ச்சோறு அதற்குப் பிறகுதான் வருகிறது. பாரஸ்கர கிருகிய சூத்திரமோ, சொல்வன்மைக்கு ஒரு பறவையின் இறைச்சி, விரைவுக்கு மீன் என்று பட்டியலே போடுகிறது! பறவைக் கறி தின்றால் நா வளரும் என்பதும் மூடநம்பிக்கையே. அதை நாம் மேற்கோளாகக் கொள்ளவில்லை. ஆனால், சாத்திரத்தின் பெயரால் முட்டையைத் தீட்டென்று தள்ளுகிறவர்களும், அங்கன்வாடியில் முட்டை கண்டால் முகம் சுளிக்கிறவர்களும், தங்கள் ஏட்டைத் தாங்களே படித்ததில்லை என்பது மட்டும் தெளிவாகிறது. படித்தவர் சிலர் இருந்திருக்கலாம். படித்ததைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். இது பழைய வித்தைதானே!

இனி, நாள் பார்க்காத வீடுகளுக்கு வருவோம். அங்கே வேறொரு பஞ்சாங்கம் ஆட்சி செய்கிறது, அதன் பெயர் "செரிக்காது."

சோறு செரிக்காது; ஆகவே சோறு வடித்த தண்ணீர். பருப்பு செரிக்காது, ஆகவே பருப்பின் மேல் தெளிந்த நீர். முட்டை சூடு. மீன் மாந்தம். வாழைப்பழம் சளி. கீரை கழிச்சல். பல் முளைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்ற தீர்ப்பு வேறு! இத்தனையும் நீக்கிய பிறகு கிண்ணத்தில் எஞ்சுவது நிறம் மாறிய வெந்நீர். இந்தத் தண்ணீரின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். நூறு மில்லி தாய்ப்பாலில் ஏறத்தாழ 65 கலோரி உண்டு. தெளிந்த கஞ்சித் தண்ணீரில் அதில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. இரும்போ, புரதமோ, பெயருக்குத்தான். எட்டு மாதக் குழந்தையின் இரைப்பையோ ஏறத்தாழ 200 மில்லி கொள்ளும் சிறு பை. அந்தப் பையைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால், அதைவிட வலுவான தாய்ப்பாலுக்கும் அங்கே இடமில்லை. வயிறு நிறைந்தும் உடல் பட்டினி! குழந்தை அழவில்லை, தூங்கிவிட்டது. "கஞ்சி ஒத்துக்கொண்டது" என்று பாட்டி மகிழ்கிறார். ஒத்துக்கொண்டதன்று, ஐயா, ஓய்ந்துவிட்டது.

பல்லுக்குக் காத்திருப்பானேன்? மசித்த சோற்றை ஈறே மசிக்கும். பருப்பைத் தெளித்து ஊற்றுவானேன்? அடியில் தங்கியதில்தான் பருப்பே இருக்கிறது! ஒவ்வாமைக்கு அஞ்சி முட்டையையும் நிலக்கடலையையும் ஓராண்டு, ஈராண்டு தள்ளிவைப்பதால் பயனில்லை என்றே இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒவ்வாமை வரக்கூடிய கூறுள்ள குழந்தைகளுக்கே நிலக்கடலையை முன்கூட்டித் தக்க வடிவில் கொடுத்ததால் அந்த ஒவ்வாமை பெரிதும் குறைந்ததைக் கண்டது. முழுக்கடலையைக் கொடுத்துவிடாதீர், தொண்டையில் அடைக்கும். அரைத்தது வேறு, முழுதாயது வேறு.

பாட்டி சொன்னதெல்லாம் பழுது என்பதன்று பகுத்தறிவு. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி அரைத்துக் கூழ் காய்ச்சச் சொன்ன பாட்டி, பெரிய ஆராய்ச்சிக்காரி! முளைவிடும்போது தானியத்தில் ஊறும் நொதி, மாவின் கெட்டித்தன்மையை இளக்குகிறது. அதனால் அதே கிண்ணத்தில் இருமடங்கு மாவைப் போட்டாலும் கூழ் குழந்தை விழுங்கும் பதத்தில் நிற்கிறது. காரணம் தெரியாமலே கண்டுபிடித்த அறிவு அது, கைகூப்பி ஏற்போம். அதே பாட்டி, பிறந்த குழந்தையின் நாக்கில் பொன்னுரைத்த தேனைத் தடவச் சொன்னால், கூப்பிய கையால் தடுப்போம். ஓராண்டு நிரம்பாத குழந்தையின் குடலில், தேனில் ஒளிந்திருக்கக்கூடிய நுண்ணுயிர் வளர்ந்து நஞ்சு சுரந்து, தசைகளை முடக்கிவிடும். இந்நோய் இன்னதென்று அறியப்பட்டது 1976-இல். அறியாத காலத்தில் செய்தது பிழையன்று. அறிந்த பிறகும் செய்வது?

கஞ்சித் தண்ணீர்க்காரரிடமிருந்து தப்பிய குழந்தையை வாரி எடுக்கக் காத்திருக்கிறது கடைத்தெரு. பெட்டியின் மேல் பழம், பால், கோதுமைக் கதிர்; உள்ளே மாவும், பல பெட்டிகளில் சர்க்கரையும். நெஸ்லே நிறுவனம் இந்தியாவில் விற்ற செரலாக் வகைகளில், ஒரு வேளை அளவுக்குச் சராசரியாக 3 கிராம் அளவுக்குச் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்ததையும், செருமனியிலும் இங்கிலாந்திலும் அதே நிறுவனம் விற்றவற்றில் அது சேர்க்கப்படாததையும், ஸ்விட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு 2024-இல் அம்பலப்படுத்தியது. அதே ஆண்டின் பிற்பகுதியில், வெள்ளைச் சர்க்கரை சேராத வகைகளைக் கொண்டுவருவதாக நிறுவனம் அறிவித்தது. வெள்ளைக்காரக் குழந்தையின் நாக்குக்கு ஒரு நீதி, கறுப்புக் குழந்தையின் நாக்குக்கு வேறொரு நீதி! வருணாசிரமம் டப்பாவிலும் அடைத்து விற்கப்படும் போலும். தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவுக்கு விளம்பரமே செய்யக்கூடாதென்று 1992-இல் இந்நாட்டில் சட்டம் வந்தது. 2003-இல் அது திருத்தப்பட்டு, இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான உணவுகளையும் உட்கொண்டது. சட்டம் இருக்கிறது, படிப்பவர்தாம் குறைவு. அவசரத்துக்கு ஒரு நாள் டப்பாவைத் திறந்த தாயைப் பழிக்க மாட்டோம். வேலைக்கும் போய், வீட்டையும் சுமக்கிறவள் அவள்.

அதனால்தான் கேள்வியை அவளிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கிறோம், தோழர்களே! மேடையில் பஞ்சாங்கத்தைக் கிழிக்கிறீர். இராகு காலத்தில் திருமணம் செய்துகொள்கிறீர். நன்று, பாராட்டுகிறோம். ஆனால் உம் குழந்தைக்கு முதல் சோறு எப்போது, என்ன, எவ்வளவு என்ற பேச்சு எழுந்ததும், "அது பெண்கள் விவகாரம்" என்று திண்ணைக்கு நழுவுகிறீரே, அது எந்தப் பகுத்தறிவு? சோறு மசிக்க ஆண்மகனுக்குக் கை இல்லையா? மாமியாருக்கும் அம்மாவுக்கும் நடுவில் தனித்து நிற்கும் இளந்தாய், மருத்துவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் "வாயாடி" என்று பட்டம் வாங்குகிறாள். அதே சொல்லை மகன் சொன்னால் வீடு கேட்கிறது. வீடு கேட்கும் வாய் உமக்கு வாய்த்திருக்கும்போது, அதை ஊருக்கு மட்டும் திறப்பானேன்?

மேற்சொன்ன அதே கணக்கெடுப்பில், தாய்ப்பாலோடு உணவும் பெற்ற ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் நூற்றுக்கு 46 பேர்தான். ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்டோரில், போதிய அளவிலும் வகையிலும் உணவு பெற்றவர்கள் நூற்றுக்கு 11 பேர்! வறுமை இதற்கொரு காரணம் என்பதை மறுப்பவர் கண்ணிருந்தும் குருடர். ஆனால் நூற்றில் 89 வீடும் வறிய வீடல்ல. அப்பன் தட்டில் முட்டை இருக்கிறது, அண்ணன் தட்டில் மீன் இருக்கிறது, குழந்தையின் கிண்ணத்தில் மட்டும் தண்ணீர் இருக்கிறது.

என்னதான் கொடுப்பது என்று கேட்கும் இளைஞருக்காக: வீட்டில் வெந்த சோறும் பருப்பும், உப்பும் காரமும் சேர்க்குமுன் எடுத்து, மசித்து, அரைத் தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகாமல் தங்கவேண்டும்; அதுவே பதம். முதலில் நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி. சில வாரங்களில் அரைக் கிண்ணம். ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், ஈரல், கீரை, மசித்த பழம் ஒவ்வொன்றாக வரட்டும். புலால் உண்ணாத வீடானால் பருப்பும் கீரையும், இரும்பு நன்கு சேர எலுமிச்சைச் சாறு சில துளியும். தாய்ப்பால் இரண்டு வயதுக்கு அப்பாலும் தொடரலாம். காய்ச்சல் கண்டால் பட்டினி போடாதீர். சிறிது சிறிதாக அடிக்கடி ஊட்டுக. அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கி மாட்டுக்குக் கரைக்காதீர்; கேழ்வரகும் கடலையும் கலந்த அந்த மாவு உம் குழந்தைக்கு உரியது. ஆறு மாதம் முடிந்ததும் வாரம் இருமுறை ஒரு மில்லி வீதம் ஊட்ட வேண்டிய இரும்புச்சத்து மருந்தையும் அங்கேயே கேளுங்கள்.

முதல் நாள் குழந்தை முகத்தைச் சுளிக்கும், பாதியைத் துப்பும், மீதியை உம் சட்டையில் பூசும். பிடிக்கவில்லை என்று அன்றே தீர்ப்பெழுதிவிடாதீர். புதிய சுவை ஒன்றை ஏற்க எட்டு, பத்து முறைகூட ஆகும். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாளும் உட்காருங்கள்.